குளிர்பெட்டியும் குழுப்படமும்

இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே! தலைமைக்குத் தோள் கொடுக்கத் தோளோடு தோள் உரச அமர்ந்திருக்கும் துறைத் தலைவர்களே! நரம்பு கிடைக்காத கையிலும் நாலாவது குத்தில் நரம்பைக் கண்டுபிடிக்கும் செவிலியச் செல்வங்களே! இரத்தம் எடுக்கும்போது மட்டும் "வலிக்காது" என்று பொய் சொல்லி, மற்ற நேரமெல்லாம் மெய் பேசும் ஆய்வகத் தம்பிகளே! பிள்ளையையும் பேணி, புருஷனையும் பேணி, இருவருடைய மருந்துச் சீட்டையும் பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு வந்திருக்கும் என் தாய்மார்களே! என்னைவிட மூத்தவர்கள் இருவர் மூன்றாம் வரிசையில் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு! வெளிநோயாளி வரிசையில் காலை முதல் நின்று நின்று கால் கடுத்து, "அரங்குக்குள்ளே குளிர் நன்றாக இருக்கிறது" என்று கேள்விப்பட்டு ஒதுங்கியிருக்கும் என் இனத்தவர்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். ஈரல் கெட்டு விழுந்தவன், உங்கள் புது மருந்தின் ஆறு ஊசியில் எழுந்து நிற்கிறேன் அல்லவா? எழுந்து நிற்பது எதற்கு? நன்றி சொல்லத்தானே! அலுவலகத்திலிருந்து எனக்கு ஓர் உரையையும் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அழகான தாள். பளபளக்கும் தாள். வாங்கினேன், பார்த்தேன், மகிழ்ந்தேன், மடித்து வைத்தேன். எனக்குப் படிக்கத் தெரியாது.

சிரியுங்கள், சிரியுங்கள், தவறில்லை. இந்த ஆறு மாதத்தில் இந்தக் கட்டடத்தில் மட்டும் அறுபத்துமூன்று தாளில் கட்டைவிரல் ரேகை வைத்திருக்கிறேன். அந்த மை இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது. அறுபத்துமூன்று முறை என் விரலைப் பிடித்து அமுக்கிய அலுவலகம், அறுபத்துநான்காவது முறை என் கையில் அச்சடித்த உரையைக் கொடுக்கிறது என்றால், நோயாளியை அது எவ்வளவு நெருக்கமாக அறிந்து வைத்திருக்கிறது என்று எண்ணி எண்ணி நான் நெகிழ்ந்துபோகிறேன்.

தாளை வீணாக்கவில்லை. பெரிய நர்ஸம்மாவிடம் நீட்டினேன். ஒரு தடவை படித்துக் காட்டினார்கள். எனக்கு ஒரு தடவை போதும். எழுத்து ஏறாத தலை இது. ஆனால் காது வழியாக ஏறியது எதுவும் இறங்கியதில்லை. முழு உரையும் இங்கே, நெற்றிக்குள் இருக்கிறது. அதில் 'நன்றி' பதினோர் இடத்தில் வருகிறது. 'இயக்குநர்' ஒன்பது இடத்தில் வருகிறார். 'ஈரல்' ஒரே ஓர் இடத்தில் வருகிறது. ஈரலுக்கு நடக்கும் விழாவில் ஈரலுக்கு ஓர் இடம் கொடுத்த பெருந்தன்மையை என்னவென்பது! அந்த ஓர் இடத்தைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன்.

அதோ, என் வீட்டுக்காரி இரண்டாம் வரிசையிலிருந்து கையைக் கையைக் காட்டுகிறாள். "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருங்க, அடுத்த மாசமும் இங்கதான் வரணும்" என்று வரும்போதே சொன்னாள். கொஞ்சம் இரும்மா. இன்னும் தொடங்கவே இல்லை.

நான் யார்? ஐஸ் வண்டிக்காரன். நாற்பத்திரண்டு வருடம் ஐஸ் கட்டி ஏற்றி இறக்கியவன். மீன் கடைக்குப் போட்டிருக்கிறேன், பழச்சாறு கடைக்குப் போட்டிருக்கிறேன், ஏன், இந்த மருத்துவமனைக்கே போட்டிருக்கிறேன்! பின்வாசல் வழியாக, பிணவறைக்கு. முன்வாசல் வழியாக உள்ளே வந்தது ஈரல் கெட்ட பிறகுதான்.

ஐஸ் வண்டிக்காரனுக்குப் படிப்பு தேவையில்லை. ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். ஐஸுக்கு மரியாதை தெரியாது. யார் வாசல் என்று பார்க்காது. மரத்தூள் போட்டு, சாக்கு போர்த்தி, வியர்க்க வியர்க்க வண்டி மிதித்துக்கொண்டு போய் நின்றால், "நில்லுய்யா, முதலாளி சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு" என்பான் கடைக்காரன். முதலாளி நிதானமாகச் சாப்பிடுவார். கை கழுவுவார். பல் குத்துவார். வந்து சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு, "என்னய்யா பாதிக் கட்டியோட வந்து நிக்கிற?" என்று என்னைக் கேட்பார். உருகியது எங்கே? அவர் வாசலில். உருக வைத்தது யார்? அவர் வயிறு. வசவு வாங்கியது யார்? வண்டிக்காரன். இதை மறக்காமல் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

என் ஈரல் இறுகத் தொடங்கியபோது முதலில் மாத்திரைதான் கொடுத்தார்கள். மாத்திரை என்றால் சாதாரண மாத்திரையா? வாயில் புண் வந்தது, முடி கொட்டியது, கால் வீங்கியது, காது இரைந்தது. உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒவ்வோர் உறுப்பையும் அன்போடு நலம் விசாரித்துவிட்டு, ஈரலை மட்டும் எட்டிப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தது. அப்போதுதான் நம் டாக்டரம்மா (அதோ, மேடையில் இடம் இல்லாததால் கீழே கதவோரம் நிற்கிறார்களே, அவர்கள்தான்) இந்தப் புது ஊசியைப் பற்றிச் சொன்னார்கள். மேடையில் இடம் இல்லை என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. மருந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி போட ஆரம்பித்தால் மற்றவர்கள் எங்கே உட்காருவார்கள்?

நான் கேட்டேன்: "இந்த ஊசி ஈரலுக்கு மட்டும் போகும்ங்கறீங்களே அம்மா, அதுக்கு யாரு வழி சொல்றது?"

"யாரும் சொல்ல வேணாம் ஐயா. மருந்தை ஒரு கொழுப்புக் குமிழிக்குள்ள வச்சிருக்கோம். கண்ணுக்கே தெரியாது, தூசியை ஆயிரமா உடைச்ச அளவு. குமிழிக்கு மேல ஒரு தினுசு சர்க்கரையை ஒட்டியிருக்கோம். ஈரலோட உயிரணு மேல அந்தச் சர்க்கரையைப் பிடிக்கிற கொக்கி இருக்கு. ரத்தத்தோட போறப்ப கொக்கி பிடிச்சு உள்ள இழுத்துக்கும்."

"அப்ப மத்த எடத்துக்குப் போகவே போகாதா?"

"கொஞ்சம் போகும். போகவே போகாதுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா பெரும்பங்கு ஈரலுக்குத்தான்."

"பழைய மாத்திரை?"

"அது தெருத்தெருவா நோட்டீஸ் வீசிட்டுப் போற மாதிரி. ஈரல் வீட்டுலயும் ஒண்ணு விழும்."

அம்மாமார்களே, ஐயாமார்களே, ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்! இந்த உடம்பு எத்தனை பெரிய ஊர்! எத்தனை தெரு, எத்தனை சந்து, எத்தனை முட்டுச்சந்து! அதற்குள்ளே எழுத்தறியாத ஒரு குமிழி போகிறது. இதயத்தின் இரைச்சலுக்கு நின்றதா? இல்லை. நுரையீரலின் காற்றில் மயங்கியதா? இல்லை. மூளைக்குப் போய் முறையிட்டதா? இல்லை, இல்லை! யாரையும் கேட்காமல், எந்தச் சீட்டும் காட்டாமல், தன்னைப் பிடிக்கக் காத்திருக்கும் கொக்கியைத் தேடிப் போய்ச் சேருகிறது. அந்தப் பெருமைக்குத் தலை வணங்குகிறேன். இது கிண்டல் இல்லை. இதைக் கண்டுபிடித்தவர்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் அவர்கள் குடும்பம் குறையின்றி வாழட்டும். என் கால் வீக்கம் வடிந்தது. என் சட்டைப் பொத்தான் மறுபடி வயிற்றின் மேல் பூட்டிக்கொள்கிறது. ஒரு தட்டுச் சோறு தங்குகிறது.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார்கள்: "குமிழிக்குச் சூடு ஆகாது ஐயா. கிளம்புற எடத்துலேர்ந்து உங்க கையில ஏத்துற வரைக்கும் குளிர்பெட்டியை விட்டு வெளிய வரக் கூடாது."

"ஐஸ் மாதிரின்னு சொல்லுங்க."

"ஐஸைவிட மோசம். ஐஸ் உருகினா கண்ணுக்குத் தெரியும். இது கெட்டுப்போனா தெரியாது, தண்ணி மாதிரிதான் இருக்கும். அதான் புட்டி மேல ஒரு வெள்ளைப் புள்ளி ஒட்டியிருக்கு. சூடு பட்டா அது கறுத்துடும். கறுத்துட்டா தூக்கிப் போட வேண்டியதுதான்."

உருகுவதைக் காட்டிக்கொடுக்க ஒரு புள்ளி! அது என்னிடம் இருந்திருந்தால் நாற்பத்திரண்டு வருடத்தில் எத்தனை முதலாளிகளின் வாயை அடைத்திருப்பேன்!

இப்போது பெயின்டர் கதைக்கு வருகிறேன்.

எனக்கும் அவருக்கும் ஒரே நோய், ஒரே ஊசி, ஒரே பெஞ்சு. வயதுதான் வேறு. வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர். உறவு ஒன்றும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்த முதல் நாளே என்னைப் "பெரியப்பா" ஆக்கிவிட்டார். அந்த நடைபாதையின் சுவரைக் காட்டி ஒரு நாள் சொன்னார்: "இந்தச் சுவத்தைப் பாருங்க பெரியப்பா. மூணு கை பெயின்ட் அடிச்சிருக்கணும். எந்த மடையனோ ரெண்டு கையோட விட்டுட்டுப் போயிட்டான்."

"யாருப்பா அது?"

"நான்தான். 'திறப்பு விழா வருது, ரெண்டு கை போதும்'னுட்டாங்க."

இப்படிப்பட்ட மனிதர். ஈரல் நோய் என்றால் ஊருக்கு ஒரே காரணம்தான் தெரியும். பார்க்கிறவனெல்லாம் மூக்கை நீட்டி மோந்து பார்ப்பான். "எவ்வளவு நாளா குடி?" என்று கேட்பான். அதற்கு அவர் மனைவி ஒரு பதில் வைத்திருக்கிறாள். "அவரா? இருமல் மருந்துக்கே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு அழுவாரு. நீங்க குடிக்கிறதைக் குறைங்க அண்ணே, வாடை இங்க வரைக்கும் வருது!" அந்த வாய்க்குச் சொந்தக்காரி இதோ, கடைசி வரிசையில் புருஷனின் மருத்துவக் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறாள். உட்காரும்மா தங்கச்சி. உட்காரமாட்டாள். பரவாயில்லை.

அன்று அவருக்கு ஐந்தாவது ஊசி. நான் ஆறும் முடித்து இரத்தம் கொடுக்க வந்திருந்தேன். காலை ஒன்பது மணிக்கே அவருடைய இடது கையில் ஊசிக்குழாயை மாட்டி, பிளாஸ்திரி ஒட்டி, சிகிச்சை அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒன்பதரைக்குக் குளிர்பெட்டி வந்தது. எத்தனை தூரத்திலிருந்து வந்ததோ, எத்தனை பேர் கைமாறி வந்ததோ, அதுவரை ஒரு பிசகு இல்லை. பெட்டிக்கும் பெயின்டருக்கும் நடுவே பத்தடி தூரம். ஒரு கண்ணாடிக் கதவு. அவ்வளவுதான்.

அந்தப் பத்தடிக்குள் யார் வந்தார்கள் தெரியுமா? புகைப்படக்காரர் வந்தார்.

இன்றைய விழாவுக்கு ஒரு படம் வேண்டும் அல்லவா? இயக்குநர் அவர்கள் வந்தார்கள். துறைத் தலைவர்கள் வந்தார்கள். விளக்குகள் வந்தன, கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள், கை வைத்தால் சுடும் விளக்குகள். இயக்குநர் ஐயா பெட்டியைத் தூக்கிப் பிடித்தார்கள். புகைப்படக்காரருக்குப் பிடிக்கவில்லை. "சார், பெட்டியைப் பிடிச்சா சாப்பாடு கொண்டுவந்த மாதிரி இருக்கு. புட்டியை வெளிய எடுத்துக் கையில வச்சுக்குங்க, எடுப்பா இருக்கும்."

எடுப்பாகத்தான் இருந்தது! எடுத்தார்கள்! பெரிய நர்ஸம்மா மெதுவாக, "சார், மருந்து வெளிய இருக்கு" என்றார்கள். "ஒரே நிமிஷம்மா" என்று பதில் வந்தது. அந்த ஒரு நிமிடத்துக்குள் கணக்குப் பிரிவு விட்டுப்போனது என்று கூப்பிட்டார்கள். கணக்குப் பிரிவு வந்தது. கணக்குப் பிரிவு நிற்கும்போது பராமரிப்புப் பிரிவு நிற்கக் கூடாதா? அதுவும் வந்தது. உயரமானவர்கள் பின்னால் போனார்கள். ஒருவர் கண்ணை மூடிவிட்டார், மறுபடி எடுத்தார்கள். ஒருவர் தலை சீவிக்கொண்டு வந்தார், மறுபடி எடுத்தார்கள்.

டாக்டரம்மா எங்கே? மேல் மாடியில், இரத்த வாந்தி எடுத்த ஒருவரோடு போராடிக்கொண்டிருந்தார்கள். ஆக, அந்த அறையில் அன்று மருத்துவம் அறிந்தவர்கள் பலர் இருந்தார்கள். குளிர் அறிந்தவன் ஒருவன்தான் இருந்தேன், கதவுக்கு வெளியே. என் கை பரபரத்தது. எழுந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு சொன்னேன்: "ஐயா, அதை உள்ள வைங்க. வெளிச்சத்துல வீணாப் போயிடும்!"

"பெரியவரே, நீங்க படத்துல விழறீங்க. நகருங்க" என்றார் புகைப்படக்காரர்.

நகர்ந்தேன். கடிகாரம் பார்க்க எழுத்து வேண்டியதில்லை. ஒன்பது முப்பத்தெட்டுக்கு வெளியே வந்த புட்டி, பத்து மணி ஆகி ஒரு நிமிடத்துக்குப் பெட்டிக்குள் போனது. இருபத்துமூன்று நிமிடம். பெயின்டர் என் காதோரம் சொன்னார்: "என் மருந்துக்கு வந்த வாழ்வைப் பாத்தீங்களா பெரியப்பா? எனக்குக் கல்யாணத்தன்னிக்குக்கூட இத்தனை போட்டோ எடுக்கல."

டாக்டரம்மா இறங்கி வந்தார்கள். புட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். புள்ளி கறுத்திருந்தது. புட்டியைக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட்டு நேரே பெஞ்சுக்கு வந்து, அவர் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து சொன்னார்கள்: "இன்னிக்குப் போட முடியாதுங்க. மருந்து கெட்டுப்போச்சு. தப்பு எங்களோடது, உங்களோடது இல்ல. வேற புட்டி வரவழைக்கிறேன்."

இவ்வளவு பெரிய மருத்துவமனையில் 'தப்பு எங்களோடது' என்ற சொல்லை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். கேட்ட காது குளிர்ந்தது. ஆனால் அந்தச் சொல்லுக்குக் கணினியில் இடம் இல்லையாம்!

ஆம், சிரிக்காமல் கேளுங்கள். யாருக்கு ஊசி போட்டார்கள் என்று குறிக்கும் கணினியில் இரண்டே கட்டம்தான் உண்டாம். 'ஊசி போடப்பட்டது' என்று ஒரு கட்டம். 'நோயாளி வரவில்லை' என்று ஒரு கட்டம். மருந்தை நாங்கள் கெடுத்தோம் என்பதற்குக் கட்டம் இல்லை. ஏன் இல்லை? அப்படி ஒன்று நடக்கவே நடக்காது என்ற தன்னம்பிக்கை! ஊசி போடவில்லை, ஆகவே பெயின்டர் வரவில்லை. வராதவருக்கு அடுத்த ஊசி கிடையாது, பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. எடுத்துவிட்டார்கள். விதி அவ்வளவு சுறுசுறுப்பு!

நான் முகப்பிலிருக்கும் தம்பியிடம் போனேன்.

"தம்பி, அவரு வந்தாருப்பா. பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நான் சாட்சி."

"சாட்சிக்கெல்லாம் கட்டம் இல்ல பெரியவரே."

"அப்ப என்னதான் பண்ணணும்?"

"எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன்."

"எனக்கு எழுதத் தெரியாதேப்பா."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

தம்பி மேல் குற்றம் இல்லை. கட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, கட்டம்தானே தெரியும்! எழுதத் தெரிந்த டாக்டரம்மா மூன்று கடிதம் எழுதினார்கள். மூன்றுக்கும் ஒரே பதில்: 'பரிசீலனையில் உள்ளது.'

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே மூன்று வாரம் போய்விட்டது. ஐந்தாவது ஊசிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் அவகாசம். அதற்குள் போடாவிட்டால் முன்பு போட்ட நாலும் போனது போனதுதான், ஈரல் பழையபடி இறுகிவிடும் என்கிறார்கள். இறுகத் தொடங்கிவிட்டது. கண் மஞ்சளாகிவிட்டது. உடம்பெல்லாம் அரிப்பு, வர்ணம் சுரண்டும் தகட்டைக் கேட்டாராம் முதுகு சொறிய. இப்போது அவர் எங்கே இருக்கிறார்? இதே கட்டடத்தில், மூன்றாம் மாடியில், பதினான்காம் கட்டிலில் படுத்திருக்கிறார். இந்த மருத்துவமனையின் சோற்றைச் சாப்பிட்டு, இந்த மருத்துவமனையின் போர்வையைப் போர்த்திப் படுத்திருக்கும் அந்த மனிதர், இந்த மருத்துவமனையின் கணினிப்படி இந்த மருத்துவமனைக்கு வரவில்லை!

நேற்று போய்ப் பார்த்தேன். கேட்டார்: "பெரியப்பா, நான் வரலைன்னு எழுதியிருக்காங்களாம். அப்ப அன்னிக்கு உங்க பக்கத்துல உக்காந்து வாய் வலிக்கப் பேசினது யாரு? என் ஆவியா?"

"அப்படித்தான் நினைக்கிறேன். நிறைய பேசிச்சு" என்றேன்.

சிரித்தார். சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்த முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதனின் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

என்ன தம்பி? துண்டுச் சீட்டா? நீங்கள் கொண்டுவந்து வைத்த இந்தச் சீட்டில் நிச்சயம் நல்ல செய்திதான் இருக்கும். 'இன்னும் பேசுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. பேசுகிறேன்.

பெரியோர்களே, இப்போது தயவுசெய்து எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் பாருங்கள். இந்த மேடையின் அகலத்துக்குத் தொங்குகிறதே பதாகை, அன்று எடுத்த படம்தான் அது. எழுத்துத்தான் எனக்குத் தெரியாது, படம் தெரியும். நடுவில் இயக்குநர் ஐயா. சிரிப்பு என்றால் அது சிரிப்பு! கையில் புட்டி. விரலளவுப் புட்டியை ஆளுயரப் புட்டியாக அச்சடித்திருக்கிறீர்கள். அதனால் அதன் மேலிருக்கும் புள்ளியும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரிகிறது. என்ன நிறம்? கடைசி வரிசையில் இருப்பவர்கள் சொல்லுங்கள். உரக்க! வெள்ளையா? பாதி கறுத்துவிட்டது, இல்லையா? சுவரில் கடிகாரம். பத்து மணிக்கு எட்டு நிமிடம் இருக்கிறது.

அப்படியே இடது ஓரத்துக்கு வாருங்கள். கண்ணாடிக் கதவு பாதி திறந்திருக்கிறது. கதவைத் தள்ளிக்கொண்டு, வாயைத் திறந்தபடி ஒரு கிழவன் நிற்கிறானே, யார் அவன்? ஆம், அடியேன்தான்! படத்தில் விழாதே என்றீர்கள், விழுந்துவிட்டேன், மன்னியுங்கள். என் இடுப்புக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பெஞ்சு. பெஞ்சின் மேல் நீலச் சட்டை. சட்டைக்கு வெளியே ஓர் இடது கை. கையில் பிளாஸ்திரி. பிளாஸ்திரிக்கு மேலே, கழுத்தை எட்டி, தன் மருந்தைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும் முகம்.

யார் அது? சொல்லுங்கள், யார் அது?

வராதவர்! வரவே வராதவர்! கட்டத்துக்குள் வராதவர் உங்கள் படத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார்! உங்கள் விழாவுக்கு நீங்களே அச்சடித்து, நீங்களே விளக்குப் போட்டு, நீங்களே மேடைக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கும் சாட்சி! நான் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்!

ஈரல் உயிரணுவின் மேலே ஒரு கொக்கி இருக்கிறது என்றார்கள். கண்ணுக்குத் தெரியாத கொக்கி. தனக்கு வந்த மருந்தை விடாமல் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த அளவுகூட வேண்டாம். அதில் பாதிக் கொக்கி, கால் கொக்கி, ஒரு குண்டூசி அளவுக் கொக்கி நம் அலுவலகத்தின் மேலே இருந்திருந்தால், பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதனை அது பிடித்து உள்ளே இழுத்திருக்காதா? ஈரலைத் தேடிப் போகும் மருந்து வந்துவிட்டது, வரட்டும், வாழட்டும்! ஆளைத் தேடிப் போகும் அலுவலகம் எப்போது வரும்? கடல் கடந்து வந்த மருந்து கடைசிப் பத்தடியில் சாக வேண்டுமா? மருந்து கெட்டதற்கு மனிதன் பொறுப்பா? விளக்கின் சூட்டுக்கு அவன் ஈரல் பலியா?

கைதட்ட வேண்டாம். கைதட்டினால் இயக்குநர் ஐயா சொல்வது என் காதில் விழாது. ஒலிவாங்கியை இழுக்கிறார்கள். சொல்லுங்கள் ஐயா.

"பரிசீலிக்கிறோம்"?

ஐயா, அந்தச் சொல் எனக்குப் பழக்கம். மூன்று முறை வந்துவிட்டது. வேறு சொல் ஏதாவது இருக்கிறதா?

"ஊசி போடச் சொல்கிறேன்." நல்லது. எப்போது ஐயா?

"விரைவில்." விரைவில் என்றால் எந்தக் கிழமை ஐயா? என் வீட்டுக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். பரவாயில்லை, நீங்கள் சொல்லுங்கள்.

"நாளை." நாளை எத்தனை மணிக்கு?

"காலை ஒன்பது." கேட்டீர்களா எல்லோரும்? காலை ஒன்பது! டாக்டரம்மா, கதவோரம் நிற்கிறீர்களே, மருந்து இருக்கிறதா? உரக்கச் சொல்லுங்கள்.

"இருக்குங்க ஐயா. மாத்துப் புட்டி வந்து ரெண்டு வாரமா குளிர்பெட்டியிலதான் இருக்கு. பட்டியல்ல பேரைத் திரும்பச் சேர்க்கக் கையெழுத்துதான் இல்ல."

கையெழுத்துதான் இல்லையாம்! தங்கச்சி, அந்தக் கோப்பைக் கொண்டு வாம்மா. பயப்படாதே, நடுவழியாகவே வா. இயக்குநர் ஐயாவிடம் பேனா இருக்கிறது. சட்டைப் பையில் தங்க நிறத்தில் மின்னுகிறது. எந்த இடம் என்று டாக்டரம்மா காட்டுவார்கள். மேலே ஏறி வாருங்கள் அம்மா, மேடையில் இடம் போதும், நான் கொஞ்சம் நகர்ந்துகொள்கிறேன்.

போட்டுவிட்டார்கள். கீழே தேதியும் போடுங்கள் ஐயா. போட்டுவிட்டார்கள். இயக்குநர் ஐயா, இதுவரை நான் உங்களைப் புகழ்ந்ததெல்லாம் கிண்டல். இந்த ஒரு நன்றி மட்டும் கிண்டல் இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த பதினொன்றையும் சேர்த்து இதிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் ஒன்று புதிதாகச் சேர்ப்பதைப் பற்றி அடுத்த வாரம் நானே உங்கள் அறைக்கு வந்து நினைவூட்டுகிறேன். எனக்கு மறதி இல்லை.

தங்கச்சி, எனக்குக் கும்பிடு போட்டுக்கொண்டு நிற்காதே. ஓடு. மூன்றாம் மாடி. முகப்பில் காட்டிப் பேரைச் சேர்த்துவிட்டு, அப்புறம் அவரிடம் காட்டு.

நடைபாதையில் நிற்கும் தம்பிகளே, வாசலை அடைத்துக்கொண்டிருக்கும் அன்பர்களே, எழுந்து நின்று கைதட்டும் என் தாய்மார்களே! கைதட்டல் அப்புறம். எல்லோரும் ஒரு பக்கமாக ஒதுங்குங்கள். அந்த அம்மாவுக்கு வழி விடுங்கள்.

இன்னும் கொஞ்சம். ம், போய்விட்டாள்.

நின்று கேட்டவர்களுக்கும், உட்கார்ந்து கேட்டவர்களுக்கும், உட்காரவும் முடியாமல் எழவும் முடியாமல் மேடையில் கேட்டவர்களுக்கும், கேட்டதோடு ஒதுங்கி வழியும் விட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.